மின்னல் சின்னப்பராஜும் நொய்யல் கோப்பைக் குலுக்கலும்

சின்னப்பராஜை அடக்கம் செய்த அன்று பெரியநாயக்கன்பாளையம் கல்லறைத் தோட்டத்தில் ஒரு சிக்கல் வந்தது. பாதர் ஜெபத்தை முடித்துவிட்டு, ஆளுக்கு ஒரு பிடி மண் போடலாம் என்று கையைக் காட்டினார். ஒருவரும் நகரவில்லை.

"நீங்க மொதல்ல போடுங்க" என்றார்கள் சின்னப்பராஜ் நடத்திவந்த மின்னல் கால்பந்துக் கழகத்தார், நகரத்திலிருந்து வந்திருந்த ராயல் கோவைக் கழகத்தாரைப் பார்த்து.

"அதெப்படிங்க, உங்க ஆளு. நீங்க போடுங்க."

"இல்லீங்க, நீங்க தூரத்துல இருந்து வந்திருக்கீங்க."

"என்ன பெரிய தூரமுங்க, பரவால்லீங்க."

இது இப்படியே போய்க்கொண்டிருக்க, பாதர் அங்கிக்குள் வியர்த்து நின்றார். கடைசியில் சின்னப்பராஜின் மனைவி ரூத், அழுது வீங்கிய முகத்தோடு, "இந்த மனுசன் உசுரோட இருந்திருந்தா இந்நேரம் எந்திரிச்சு வந்து ஆளுக்கொரு அறை உட்டிருப்பாரு" என்று சொல்லிவிட்டு முதல் பிடியைத் தானே அள்ளிப் போட்டார். குழியைச் சுற்றி நின்றவர்கள் குலுங்கிச் சிரித்துவிட்டார்கள். கல்லறையில் அப்படிச் சிரிக்கலாமா என்று சிலர் பிறகு முணுமுணுத்தார்கள். சிரித்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

சின்னப்பராஜ் மேட்டுப்பாளையம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். கருகிப்போன கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்து போட்டால் பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். பேச்சில் அப்படி ஒரு மரியாதை. கடைக்குள் நுழைந்த நாயைக்கூட 'வெளிய போங்க' என்றுதான் விரட்டுவார் என்று ஊரில் கேலி செய்வார்கள். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர் மன்னிப்புக் கேட்பார். ஆனால் கால்பந்து என்று வந்துவிட்டால் அந்த மனிதருக்கு வேறொரு ரத்தம் ஓடும். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஆட்டக்காரர்களைவிட அதிகம் ஓடுவார். பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பினால் அவர் தலையில் பட்டதுபோல் உட்கார்ந்துவிடுவார்.

மின்னலில் ஆடியவர்கள் வார்ப்படப் பட்டறையில் மண் அச்சு எடுப்பவர்கள், லேத் ஓட்டுபவர்கள், ஒரு பரோட்டா மாஸ்டர், பாலிடெக்னிக் படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள். மைதானம் திருமூர்த்தி என்கிற விவசாயியினுடையது. சோளம் போடுவதை நிறுத்திய பிறகு சும்மா கிடந்த காடு. மேற்கே குருடிமலைப் பக்கம் உயர்ந்து கிழக்கே சரியும். ஒரு மூலையில் மோட்டார் ரூம் இருந்தது. ஆட்டத்துக்கு நடுவே மயில்கள் குறுக்கே நடக்கும். அவற்றை யாரும் அவசரப்படுத்துவதில்லை.

கோவை வட்டாரத்தில் ஆண்டுதோறும் நொய்யல் கோப்பை நடக்கும். பதினாறு கழகங்கள். முதல் சுற்றில் யாரோடு யார், யாருடைய மைதானத்தில் என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்யும். தரவரிசை கிடையாது, சிபாரிசு கிடையாது, எல்லாச் சீட்டும் ஒரே குடத்தில் என்பது விதி. ஆனாலும் சின்னப்பராஜ் பார்த்த அத்தனை ஆண்டுகளிலும் ராயல் கோவையும் மற்ற மூன்று பெரிய கழகங்களும் முதல் சுற்றில் ஒன்றோடொன்று மோதியதே இல்லை. நால்வரும் எப்போதும் சொந்த மைதானத்தில்தான் ஆடினார்கள். மின்னலோ ஒருமுறைகூடச் சொந்த மண்ணில் ஆடியதில்லை. வேனில் ஏறிப் போவார்கள், நாலோ ஐந்தோ கோல் வாங்கிக்கொண்டு, வரும் வழியில் அன்னூர்ப் பிரிவில் பன் பட்டர் தின்றுவிட்டுத் திரும்புவார்கள்.

"எப்படிங்க வருசா வருசம் ஒரே மாதிரி உழுகும்?" என்று அவர் கடையில் கேட்காத ஆள் இல்லை. "மழகூட வருசத்துக்கு ஒரு தினுசாப் பெய்யுது. இந்தக் குலுக்கலு மட்டும் அளந்து வெச்ச மாதிரி உழுகுதுங்களே!"

காரணம் கண்டுபிடிக்க அவர் படாதபாடு பட்டார். சீட்டை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிரவைக்கிறார்கள், பெரிய கழகத்தார் தொட்டுப்பார்த்துக் குளிர்ந்ததை எடுக்கிறார்கள் என்று ஓர் ஆண்டு நம்பினார். அதற்காகக் குலுக்கல் முடிந்ததும் எல்லோருடைய கையையும் பிடித்துக் குலுக்கி, விரல் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்தார். எல்லோரும் அவரை மிகவும் நல்ல மனிதர் என்று சொன்னார்கள். அடுத்த ஆண்டு சீட்டுக்குள் ஊசி வைத்திருப்பார்கள் என்று சந்தேகம். பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார். காந்தம் இரும்பு நாற்காலியோடு ஒட்டிக்கொண்டது. மின்னல் என்று கூப்பிட்டபோது சின்னப்பராஜ் நாற்காலியோடு எழுந்தார். அப்படியே மேடைவரைக்கும் போனார்.

இப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் திருமூர்த்தி கடைக்கு வந்தார். மோட்டார் எதுவும் கொண்டுவரவில்லை. சின்னப்பராஜ் சுற்றிக்கொண்டிருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க சின்னப்பரு, சவுக்கியமுங்களா?"

"நல்லாருக்கறனுங்கண்ணா. உக்காருங்க. டீ சொல்றேன்."

"டீயெல்லாம் இருக்கட்டுங்க. நம்ம தீபக்கு பெங்களூர்ல இருந்து வந்துபோட்டான். காட்டுல சுத்தியும் வல கட்டி, பச்சக் கம்பளி விரிச்சு, பாக்ஸ் கிரிக்கெட்டாமா, அதப் போடலாங்கறான். நீங்களும் இத்தன வருசமா ஆடறீங்க. ஒரு மேட்ச்சாச்சு செயிச்சிருக்கீங்களா?"

"போன வருசம் மூணே கோல்லதானுங்கண்ணா தோத்தோம்."

"அதச் சொல்லி நான் எம்பையங்கிட்டப் பேச முடியுமுங்களா?" திருமூர்த்திக்கும் சொல்லக் கூச்சமாகத்தான் இருந்தது. வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டார். "இந்தத் தடவ மொத ரவுண்டத் தாண்டிப்போடுங்க, நான் அவனுக்குச் சொல்லிக்கறேன். தாண்டுலீன்னா, தை பொறந்ததும் வேல தொடங்கிருவான். தப்பா நெனச்சுக்காதீங்க."

"ஐயோ, உங்க காடுங்கண்ணா. நான் என்ன நெனைக்கறது."

அவர் போனதும் சின்னப்பராஜ் ஒரு மோட்டாருக்குத் தலைகீழாகக் கம்பி சுற்றினார். அன்றிரவு ரூத்திடம் சொன்னார்: "மைதானம் போச்சுன்னா மின்னல் போச்சு, அம்மணி. இந்தத் தடவ அவனுக களவாணித்தனத்தக் கையும் களவுமாப் புடிக்கோணும்."

"நீங்க புடிப்பீங்க" என்றார் ரூத். "நாற்காலியோட. இந்தத் தடவ நானும் வாரேன்."

குலுக்கல் அவிநாசி ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. நடத்துபவர் அப்துல் குத்தூஸ். பழைய ரெஃப்ரி. ஒரு காலத்தில் தன் தம்பிக்கே சிவப்பு அட்டை காட்டியவர் என்பதால், சின்னப்பராஜ் யாரைச் சந்தேகப்பட்டாலும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை. மேசைமேல் அவர் வீட்டுப் பித்தளைக் குடம். கழுத்து ஒடுங்கியது. பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி மடித்த பதினாறு சீட்டுகள். எட்டில் 'வீடு' என்று எழுதி ஒன்று முதல் எட்டுவரை எண். எட்டில் 'விருந்து' என்று எழுதி அதேபோல் எண். வீடு ஒன்று எடுத்தவர் மைதானத்துக்கு விருந்து ஒன்று எடுத்தவர் போக வேண்டும். அவ்வளவுதான்.

குத்தூஸ் பாய் சீட்டுகளைக் குடத்தில் போட்டார். இரு கையாலும் குடத்தைத் தூக்கி இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டினார். வைத்தார்.

"வாங்க, ஒவ்வொருத்தரா வந்து எடுங்க."

கூடத்தில் அசைவே இல்லை. பிறகு வழக்கமான பேச்சு கிளம்பியது. மின்னல்காரர் எடுக்கட்டும் என்றார் ஒருவர். சின்னப்பராஜ், முதலாவதாகப் போய்க் குடத்துக்குள் எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று வீட்டிலிருந்தே சபதம் எடுத்துக்கொண்டு வந்தவர், எழுந்து நின்று கைகூப்பி, "மொதல்ல பெரிய கிளப்புக்காரங்க எடுக்கட்டுங்க. நான் கடைசியா எடுத்துக்கறேன்" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

ரூத் அவர் விலாவில் இடித்தார். "ஏனுங்க, உங்க வாய வாடகைக்கு உட்டிருக்கீங்களா?"

"அதுவா வந்துருச்சு, ரூத்து."

ராயலின் செயலாளர் மோகன்குமார் கூச்சத்தோடு எழுந்தார். "எப்பப் பாத்தாலும் எங்களயே மொதல்ல எடுக்கச் சொல்றீங்க" என்றபடி குடத்துக்குள் கையை விட்டார். வீடு ஆறு. அடுத்த பெரிய கழகம், வீடு இரண்டு. அதற்கு அடுத்தது, வீடு ஏழு. சின்னப்பராஜின் காது சிவந்தது.

"பாத்தியா? பாத்தியா?" என்றார்.

ரூத் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் தங்கள் பங்குக் கோவிலில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸுக்குப் பெண்களுக்குச் சேலைக் குலுக்கல் நடத்துகிறவர். அந்தப் பெண்கள் சும்மா விடமாட்டார்கள். ஆளுக்கொரு முறை டப்பாவைப் பிடுங்கித் தலைக்குமேல் வைத்துக் குலுக்கினால்தான் ஒரு சீட்டைத் தொடவிடுவார்கள். ரூத் எழுந்தார்.

"ஏனுங்க பாய், ஒண்ணு கேக்கட்டுங்களா? குடத்தக் குலுக்குனீங்களா, தாலாட்டுனீங்களா?"

கூடம் சிரித்தது. குத்தூஸ் பாய்க்கு முகம் வாடியது. "நல்லாத்தான குலுக்கறனுங்க அம்மணி. எப்பவும் இப்படித்தான்."

"சீட்ட எப்படிங்க உள்ள போட்டீங்க?"

"மொதல்ல விருந்து எட்டு. அதுக்குமேல வீடு எட்டு."

"ஏனுங்க அப்படி?"

குத்தூஸ் பாய் இதிலென்ன கேள்வி என்பதுபோல் பார்த்தார். "ஊட்டுக்கு வந்த ஒறம்பரைக்குத்தானுங்க மொதல்ல எலை போடோணும்?"

ரூத் மேடை ஏறி, பாயின் அனுமதி கேட்டுக் குடத்தைச் சாய்த்து மேசைமேல் கொட்டினார். தடித்த பத்திரிகை அட்டைச் சீட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, இட்லித் தட்டிலிருந்து விழுவதுபோல் விழுந்தன. முதலில் வீடு, வீடு, வீடு. அடியிலிருந்து விருந்து, விருந்து, விருந்து. இரண்டு அடுக்கு. நடுவே ஒரு சீட்டுகூட இடம் மாறவில்லை.

எல்லோரும் எழுந்து மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

குளிர்ந்த சீட்டும் இல்லை, ஊசியும் இல்லை. பாய் விருந்தாளிக்கு மரியாதை கொடுத்து விருந்துச் சீட்டை முதலில் போட்டார். அது அடிக்குப் போயிற்று. சின்னக் கழகங்கள் பெரிய கழகங்களுக்கு மரியாதை கொடுத்துக் கடைசியில் எடுத்தன. அடியில் கிடந்தது கிடைத்தது. பெரியவர்கள் முதலில் எடுத்தார்கள், எல்லோருக்கும் வீடு. வீடும் வீடும் மோதாது. இத்தனை ஆண்டு அநியாயத்தையும் எல்லோரும் சேர்ந்து, கைகூப்பிக்கொண்டே செய்திருக்கிறார்கள். அதிலும் அதிகம் கைகூப்பியவர் சின்னப்பராஜ்.

"நாங்க சத்தியமா ஒண்ணும் பண்ணலீங்க" என்றார் மோகன்குமார். அவர் கண் கலங்கியிருந்தது.

"தெரியுதுங்க" என்றார் சின்னப்பராஜ். அவருக்கு ஏமாற்றமாக இருந்தது. இத்தனை காலம் தூக்கம் கெட்டுத் தேடிய திருடன் கடைசியில் தன் சட்டைக்குள்ளேயே இருந்தால் யாரைத் திட்டுவது?

குலுக்கலை முதலிலிருந்து நடத்துவதென்று முடிவாயிற்று. மோகன்குமார்தான் முதல் ஆளாகத் தன் சீட்டைத் திருப்பிக் கொடுத்தார். மண்டபத்தில் வெள்ளையடித்துவிட்டு வைத்திருந்த காலி பெயின்ட் வாளி ஒன்று கிடைத்தது. சீட்டுகளை அதில் போட்டு மூடியை அடித்து இறுக்கி, பதினாறு கழகத்தாரும் ஆளுக்கொரு முறை குலுக்கினார்கள். ஒருவர் தரையில் உருட்டினார். அன்னூர்க் கழகத்தின் பயில்வான் குலுக்கியதில் கைப்பிடி கழன்று வந்துவிட்டது. குத்தூஸ் பாய் இரண்டு முறை குலுக்கினார்.

மூடி திறந்தது. இப்போது யார் முதலில் எடுப்பது?

முதலில் எடுப்பது லாபம் என்று ஒருமுறை தெரிந்துவிட்டதால், முதலில் எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. நீங்க எடுங்க, இல்லீங்க நீங்க, ஐயோ வேண்டாமுங்க. நன்றாகக் கலந்தாயிற்று, இனி எப்போது எடுத்தாலும் ஒன்றுதான் என்று ரூத் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை. சாப்பாட்டுக்குச் சொல்லியிருந்த பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. ரூத் பொறுக்கமாட்டாமல் கணவரை முதுகில் ஒரு தள்ளுத் தள்ளினார். வாளிக்குமேல் போய் விழுந்தவர் கையில் ஒரு சீட்டோடு எழுந்தார்.

வீடு மூன்று.

சின்னப்பராஜ் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வீடு! நம்மூட்ல ஆடறோம்!" என்று கத்திக்கொண்டு குத்தூஸ் பாயைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். ரெஃப்ரியைத் தொட்டதற்காகப் பழக்கதோஷத்தில் பாயின் கை சட்டைப் பைக்குப் போனது. சிவப்பு அட்டை அங்கே இல்லை.

பிறகு மோகன்குமார் எடுத்தார். பிரித்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

விருந்து மூன்று.

"நாங்க உங்க ஊட்டுக்கு வாரமுங்க" என்றார்.

சின்னப்பராஜ் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். நியாயமான குலுக்கல். எதிரே நடப்புச் சாம்பியன் ராயல்.

"கேட்டீங்கல்ல நியாயம்" என்றார் ரூத். "கெடச்சிருச்சு. வாங்க, பிரியாணி ஆறுது."

ராயல் கோவையின் பேருந்து பெரியநாயக்கன்பாளையத்துக்குள் நுழைந்த ஞாயிற்றுக்கிழமை, ஊரே சாலையில் நின்றது. மோகன்குமார் இறங்கிச் சரிவைப் பார்த்தார். "ஏனுங்க, பந்து உருண்டா நாங்க மேட்டுப்பாளையம் ரோட்டுல போயா எடுக்கோணும்?"

"போக வேண்டாமுங்க, டீக்கடக்காரர் எடுத்துக் குடுத்துருவாரு" என்றார் சின்னப்பராஜ்.

திருமூர்த்தி மோட்டார் ரூம் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பந்து பார்க்க வரவில்லை. தீபக் அளவு நாடா கொண்டுவந்திருந்தான். ஆட்டம் முடிந்ததும் நாலு பக்கமும் அளந்துவிடலாம் என்று.

முதல் பாதியில் ராயல் சரிவின் இறக்கத்தில் ஆடி ஒரு கோல் போட்டது. திருமூர்த்தி வெற்றிலை மடித்தார். இரண்டாம் பாதியில் மின்னலுக்கு இறக்கம். பரோட்டா மாஸ்டர் அடித்த பந்து நேராகத்தான் போனது. ஒரு மயில் குறுக்கே வர, கோல்கீப்பர் மயிலுக்கு வழிவிட்டு நிற்க, பந்து உள்ளே போயிற்று. ஊர் பொங்கியது. திருமூர்த்தியின் வெற்றிலை பாதி மெல்லப்பட்ட நிலையில் வாயிலேயே நின்றது. நாற்காலி நிழலைவிட்டுக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. சிறிது நேரத்தில் அவர் அதில் உட்கார்ந்திருக்கவில்லை, அதன்மேல் நின்றுகொண்டிருந்தார்.

ராயல் தலையால் முட்டி இரண்டாவது கோல் போட்டது. ஆட்டம் முடியப் போகிற நேரம். மின்னலின் முன்கள ஆட்டக்காரன் ஜேக் எங்கிருந்தோ பந்தை வாங்கி ஓடி வலைக்குள் அடித்தான். கூட்டம் கோட்டைத் தாண்டி உள்ளே பாய்ந்தது. அப்போதுதான் கோட்டோர நடுவரின் கொடி உயர்ந்திருப்பதைப் பார்த்தார்கள். ஆஃப்சைடு. கோல் இல்லை. ரெஃப்ரி கடைசி விசிலை ஊதினார். ஒன்றுக்கு இரண்டு. மின்னல் வழக்கம்போல முதல் சுற்றிலேயே வெளியே.

சின்னப்பராஜ் அந்த இடத்துக்கு நேர்கோட்டில் நின்றிருந்தார். கடைசித் தடுப்பாட்டக்காரனுக்கு இரண்டடி முன்னால் ஜேக் நின்றதை அவர் தெளிவாகப் பார்த்தார். சந்தேகமே இல்லை. வாழ்நாளெல்லாம் நியாயம் கேட்டவர், நியாயமான கொடியைப் பார்த்து, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, மைதானத்தை ஒப்படைக்கத் திருமூர்த்தியைத் தேடிப் போனார்.

திருமூர்த்தி மைதானத்தின் நடுவே ரெஃப்ரியின் முகத்துக்கு நேரே நின்றிருந்தார்.

"எப்படிங்க இது ஆஃப்சைடு? எனக்குச் சொல்லுங்க! எங்காட்டுல வந்து, எங்கண்ணு முன்னால, எம்பையங்க போட்ட கோல இல்லங்கறீங்களே!" ஆஃப்சைடு என்ற சொல்லை அவர் அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டிருந்தார். "ஏனுங்க சின்னப்பரு! இங்க வாங்க! நீங்க அங்கதான நின்னீங்க? இது அநியாயமா இல்லையா, சொல்லுங்க!"

ஜேக் சின்னப்பராஜின் காதருகே வந்து, "அங்கிள், நான் முன்னாலதான் நின்னேன்" என்று கிசுகிசுத்தான்.

"கண்ணு, நீ போயித் தண்ணி குடி" என்றார் சின்னப்பராஜ்.

பிறகு திருமூர்த்தியைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நீங்க சொன்னா செரிதானுங்கண்ணா" என்றார்.

"பாத்தீங்களா!" திருமூர்த்திக்கு மூச்சு வாங்கியது. "உட மாட்டேன். அடுத்த வருசமும் இவனுகள இங்கயே வரச் சொல்லுங்க."

"அது நம்ம கையில இல்லீங்கண்ணா. குலுக்கல்ல உழோணும்."

"உழுகும்போது உழுகட்டும்! இவனுக மறுபடி இந்த மண்ணுக்கு வந்து, நாம செயிக்கற வரைக்கும் இங்க ஒரு முளைக்குச்சி அடிக்க உடமாட்டேன். டேய் தீபக்கு, அந்த நாடாவச் சுருட்டுடா!"

பேருந்து கிளம்பிப் போன பிறகும் திருமூர்த்தி டீக்கடையில் கிளாஸ்களை வரிசையாக வைத்து, இந்தக் கிளாஸ்தான் ஜேக், இந்தக் கிளாஸ் அவனுக ஆள் என்று, வருவோர் போவோருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் வைத்த இடத்திலும் ஜேக் கிளாஸ் முன்னால்தான் இருந்தது. யாரும் சொல்லவில்லை.

வண்டியில் வீடு திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்த ரூத் கேட்டார். "ஆஃப்சைடுதானுங்களே?"

"ரெண்டடி."

"பொறவு ஏன் வாயத் தொறக்குல?"

"பெரியவரு பேசிட்டிருக்கும்போது நடுவுல எப்படி ரூத்து பேசறது?"

ரூத் சிரித்த சிரிப்பில் வண்டி ஒருபக்கம் சாய்ந்தது.

அடுத்த ஆண்டுக் குலுக்கலுக்குத் திருமூர்த்தியும் வந்தார். முன்வரிசையில், புது வேட்டியில், முட்டியைத் தட்டிக்கொண்டு. பெயின்ட் வாளி உருண்டது, மூடி திறந்தது. சின்னப்பராஜ் மேசையைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கர்த்தரே, ராயல் வேண்டாம், அவர்கள் வராதவரைக்கும் முளைக்குச்சியும் வராது. இந்த ஆண்டு வேண்டாம், அடுத்த ஆண்டும் வேண்டாம், இந்தக் காட்டில் மயில் நடக்கிற வரைக்கும் வேண்டாம். நியாயமாகவே விழட்டும், ஆனால் எங்களுக்கு விழ வேண்டாம்.

ராயலின் சீட்டு பிரிந்தது. அவிநாசிக் கழகத்தோடு விழுந்திருந்தது.

"சே!" என்று திருமூர்த்தி தொடையில் அடித்துக்கொண்டார்.

சின்னப்பராஜ் உள்ளுக்குள் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு பக்கத்தில் இருந்தவருடைய மனம் நோகக்கூடாதே என்று, அவரும் தொடையில் அடித்துக்கொண்டு மரியாதையாக, "சே!" என்றார்.